முடிச்சுப் போடும் முனாப் மாஸ்டர்

கண்டி மார்க்கட்டில் மீன்காரன் ஒருவன் பக்கத்துக் கடைக்காரனோடு வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறான். துருக்கித் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக முனாப் மாஸ்டர் அருகே நிற்கிறார். மீன் வாங்கவும் வரவில்லை, சண்டையை விலக்கவும் வரவில்லை. "பொறகு? பொறகு என்னா நடந்த?" என்று கேட்டுக் கேட்டு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறார். வலது கை மட்டும் கோட்டுப் பைக்குள்ளே ஓயாமல் வேலை செய்கிறது.

பைக்குள் இருப்பது சணல் கயிறு. காதில் விழும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நகத்தளவு கயிறு விரலிடையே நழுவும். பேசுகிறவன் ஒரு வசனத்தை முடித்ததும் அந்த இடத்தில் ஒரு முடிச்சு விழும். ஒற்றைக் கையால் முடிச்சுப் போடுவதை மாஸ்டர் தம் ஊரான மடவளையில் வாப்பாவின் வெற்றிலைக் கடையில் பழகினார். வீட்டுக்குப் போனதும் கயிற்றை அளந்து, பேசினவரின் பெயரைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கட்டி, சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுவார்.

"ஊட்டுல உடுப்புக் காயப்போட ஒரு கயிறில்ல. செவரு முழுக்க ஊராக்கள்ட பேச்சுத் தொங்குது" என்பது மனைவி பாயிஸாவின் தீராத முறைப்பாடு.

மனிதனுக்கு மனிதன் நடக்கிற நடை வேறாக இருப்பது போலப் பேசுகிற நடையும், எழுதுகிற நடையும் வேறு. அழுதாலும் சிரித்தாலும், ஆளை மறைத்துக்கொண்டு எழுதினாலும் அது மாறாது என்பது மாஸ்டரின் கட்சி. அதை நிறுவத்தான் பதினொரு வருஷமாகக் கயிறு முடிகிறார். சனிக்கிழமையானால் பஸ் ஏறித் தெல்தோட்டைக்குப் போய்விடுவார். அங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மா, "எம் பேச்சுல என்னாங்கய்யா இருக்கு, கயித்துல முடிஞ்சு வைக்கிறதுக்கு?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு அரைமணி நேரம் பேசுவாள். அவளுடைய கயிற்றில் முடிச்சுகள் நெருங்கிக் கிடக்கும். தோட்டத்துக் கங்காணியின் கயிற்றிலோ முழத்துக்கு ஒன்று. "குறுக்கால பேச ஆளீந்தாத்தானே மனிசன் நிப்பாட்டுவான்!" என்று மாஸ்டர் அதற்கு விளக்கம் சொல்வார்.

அந்த விளக்கத்தைக் கேட்டு, அவர் படிப்பிக்கும் மடவளைப் பாடசாலையில் எல்லா ஆசிரியர்களும் சிரித்தார்கள். வல்லிபுரம் பண்டிதர் சிரிக்கவில்லை. இத்தனை எளிய விஷயம் தமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அவருக்கு வயிறு எரிந்தது.

பண்டிதர் வடக்கே கரவெட்டியிலிருந்து வந்து இருபத்திரண்டு வருஷமாக அதே பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவர். எந்தப் பெரிய மனிதர் கண்டிக்கு வந்தாலும் வரவேற்பு மடல் அவர் கையால்தான். போனாலும் பிரியாவிடை மடல் அவர் கையால்தான். தமிழ் நடை என்றால் அது தாம் எழுதுவது என்று நிம்மதியாக இருந்த மனிதர். மீன்காரனுக்கும் கொழுந்துக்காரிக்கும் நடை உண்டு என்று ஒரு வெற்றிலைக் கடைக்காரர் மகன் கிளம்பினால் எப்படிப் பொறுப்பார்?

சரி, அதையாவது பொறுத்திருப்பார். மாஸ்டர் அவருடைய பேச்சுக்கு ஒரு நாளும் முடிச்சுப் போட்டதில்லையே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆசிரியர் அறையில் வேண்டுமென்றே பக்கத்துக் கதிரையில் போய் அமர்ந்து, எதுகையும் மோனையும் தெறிக்கத் தெறிக்கப் பேசுவார். ஓரக்கண் கோட்டுப் பையிலேயே இருக்கும். அந்தப் பாழாய்ப்போன கையோ பைக்கு வெளியே தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருக்கும். "நல்லாச் சென்னீங்க ஐயா" என்று மாஸ்டர் மரியாதையாகத் தலையாட்டுவார். பண்டிதருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

முப்பத்தாறாம் ஆண்டு மாரியில் மாஸ்டருக்கு லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மொழிகளை ஆராயும் பேராசிரியர் ஒருவர், இப்படி நடையை அளந்தவர்களைத் தாம் கண்டதில்லை என்றும், அளவுகள் முழுவதையும் அனுப்பினால் அச்சிடுவிப்பதாகவும் எழுதியிருந்தார். ஆசிரியர் அறையில் அது கை கையாகப் போயிற்று. பண்டிதர் தம்முடைய மடல்களையெல்லாம் கட்டிக் கொழும்புக்கு மூன்று முறை அனுப்பி, கிடைத்தது என்ற ஒரு வரிகூடக் காணாதவர். "நல்லது காணும், மெத்த நல்லது" என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தக் கிழமையே பாடசாலை மனேஜர் மஹ்மூத் ஹாஜியாருக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. எழுதியவர் பண்டிதர்தான். கையெழுத்தை மாற்றி, மடவளைக்காரர் பேசுகிற பேச்சிலேயே எழுதியிருந்தார். முனாப் மாஸ்டர் நல்லவர், தொழுகையாளி, லண்டனிலிருந்தே கடிதம் வருமளவுக்குக் கெட்டிக்காரர் என்று தொடங்கியது. பிறகு, அந்தக் கயிறுகள் எதற்கு என்று மெல்லக் கேட்டது. ஊராரின் பேரெழுதி முடிச்சுப் போட்டு வைப்பவர் சூனியக்காரரல்லாமல் வேறென்ன என்று முடிந்தது. பேரெழுதின முடிச்சுக் கயிறு என்றால் மடவளையில் விளையாட்டில்லை. விஷயம் வெளியே கசிந்து, இரண்டே நாளில் நாலு வீட்டார் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் மறித்துவிட்டார்கள்.

ஹாஜியார் மாஸ்டரைத் தம் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டார். மூத்த ஆசிரியர் என்று பண்டிதரையும் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

"சூனியமில்லெண்டு எனக்குத் தெரியும் மாஸ்டர். ஊருக்கு என்னா செல்ற?" என்றார் ஹாஜியார். "லண்டன் கடுதாசிட கதையும் இதுல ஈக்கி. அப்ப இது நம்மட ஸ்கூல் ஆள்தான். கயித்துல ஆள் தெரியுமெண்டு செல்றீங்களே, இதயும் முடிஞ்சி பாத்து ஆரெண்டு செல்லுங்க. அந்தாள் நாளைக்கு இந்தப் படி ஏறமாட்டான், ஒங்கட வேல பொய்யில்லெண்டு ஊருக்கும் வெளங்கும். செல்ல ஏலாட்டி, கயிறு எல்லாத்தயும் பள்ளிவாசல் முத்தத்துல போட்டுக் கொளுத்திடணும். எனக்கு வேற வழியில்ல."

ஹாஜியார் கடிதத்தை வாசித்தார். மாஸ்டர் கயிற்றை மேசையில் வைத்து முடிந்தார். பண்டிதருக்கு முதுகெல்லாம் வேர்த்தது. ஆனால் பாருங்கள், அந்தப் பயத்துக்கு நடுவிலும் அவருக்கு ஒரு மகிழ்ச்சி! பதினொரு வருஷமாக ஏங்கியது இன்றைக்குத்தான் நடக்கிறது. அவருடைய சொற்கள் அந்த விரல்களுக்கிடையே போகின்றன. மூன்றாம் வசனம் எவ்வளவு கச்சிதமாக விழுந்திருக்கிறது என்றுகூட ஒரு கணம் நினைத்துக்கொண்டார்.

மாஸ்டர் கயிற்றை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்திப் பண்டிதரைப் பார்த்தார். பக்கத்துக் கதிரையில் இத்தனை வருஷமாகக் கேட்ட நடையை மாஸ்டர் கண்டுகொண்டார் என்று அந்தப் பார்வையிலேயே பண்டிதருக்கு விளங்கிவிட்டது. கரவெட்டியில் கலியாணத்துக்கு நிற்கும் மூன்று பெண்பிள்ளைகளின் முகமும் கண்முன்னே வந்தது.

"செல்ல ஏலா ஹாஜியார்" என்றார் மாஸ்டர். "இதுல ஒரு நடையுமில்ல. ஆரும் எழுத ஏலும். சும்மாக் கடுதாசி."

"அப்ப கொளுத்தணுமே, மாஸ்டர்?"

"செரி, கொளுத்துவம்" என்று மாஸ்டர் மேசையிலிருந்த கயிற்றைச் சுருட்டினார்.

பிழைத்தோம் என்று பண்டிதர் கதிரையை விட்டு எழுந்தார். மாஸ்டர் பொய் சொல்கிறார், தம்மைக் காப்பாற்றப் பதினொரு வருஷத்து உழைப்பை நெருப்பில் போடுகிறார் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. வாயை மூடிக்கொண்டு வாசலைத் தாண்டியிருக்கலாம். தாண்ட முடிந்தால்தானே! ஒரு நடையுமில்லையாம். மீன்காரனுக்கு உண்டாம், பேச்சியம்மாவுக்கு உண்டாம், வல்லிபுரம் எழுதினது சும்மாக் கடுதாசியாம். போதாததற்கு, பெருந்தன்மைக்காரன் என்ற பேரையும் இவனே தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான்.

"என்ன காணும், நடையில்லையோ?" என்று கத்திவிட்டார். "வடிவாப் பாரும்! முதல்ல தூக்கி வைச்சு, பிறகு மெல்லமா ஒரு சந்தேகத்தைப் போட்டு, கடைசியில ஒரே அடியில விழுத்தியிருக்கு. இந்தக் கண்டியில இப்பிடி எழுத ஆர் இருக்கினம்? உமக்கு ஏலுமோ?"

ஹாஜியார் கையிலிருந்த கடிதத்தையும் பண்டிதரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பண்டிதர் ஐயா, வாணாம்" என்று மாஸ்டர் எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்தார். "ஊட்டுக்குப் போங்க."

பண்டிதர் கையை உதறினார். ஹாஜியாரிடமிருந்து கடிதத்தைப் பறித்து மேசையில் விரித்தார். பேனையை மைக்கூட்டில் தோய்த்து, தம்முடைய முழுப் பெயரையும், பட்டத்தையும், ஊரையும் அதன் அடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக, வட்ட வட்டமான எழுத்தில் எழுதினார். பிறகு குனிந்து, மை காயும்வரை அதை ஊதிக்கொண்டு நின்றார்.