மகள் செய்த ஏரி

பள்ளிக்கூடங்களில் போட்டி வைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. பிள்ளைகளுக்குப் போட்டி என்று சொல்லிவிட்டுப் பெற்றவர்களின் ஞாயிற்றுக்கிழமைகளைப் பிடுங்கிக்கொள்வார்கள். எட்டாம் வகுப்பில் இருந்தபோது என் மகள் கொண்டுவந்த அறிவிப்பு இன்னும் மோசம். தான் வசிக்கும் பகுதியின் வரலாற்றை ஒரு மாடலாகச் செய்ய வேண்டுமாம். பாதி மதிப்பெண் வரலாற்றுக்கு, மீதிப் பாதி நல்ல குடிமக்கள் பண்புக்கு. குடிமைப் பண்பைத் தெர்மாகோலில் எப்படி ஒட்டுவது என்று கேட்டேன். அவள் காதில் வாங்கவில்லை. வெல்கிறவர்களை டெல்லிக்கு அழைத்துப்போய் நாடாளுமன்றத்தைக் காட்டுவார்கள் என்பதுதான் அவள் காதில் விழுந்திருந்தது. அதிலிருந்து வீட்டில் டெல்லிப் பேச்சுதான்.

சிகந்திராபாத் மாரெட்பள்ளியில் ஒரு கடை இருக்கிறது. இந்த மாதிரிப் போட்டிகளுக்கென்றே கோல்கொண்டா கோட்டை செய்து வைத்திருப்பார்கள். அந்தக் கோட்டை வாசலில் கைதட்டினால் உச்சிவரை கேட்குமே, பொத்தானை அழுத்தினால் அந்த ஓசைகூட வரும். ஒரு நடை போய் வாங்கி வந்துவிடலாம் என்றேன்.

"நக்கோப்பா, வேணாம். அத எல்லாரும் வாங்குவாங்க. அது நம்ம ஏரியாவும் இல்ல," என்றாள்.

நாங்கள் இருப்பது அல்வால் பக்கம், ஐந்து மாடி அடுக்ககத்தில். நான்தான் அதன் சங்கச் செயலாளர். வேறு யாரும் சிக்காததால் என் தலையில் கட்டிய பதவி. அதில் முக்கால்வாசி வேலை மழைக்காலத்தில்தான். மழை பெய்தால் கட்டடத்துக்கு அடியில் வண்டி நிறுத்தும் செல்லாரில் தண்ணீர் ஏறிவிடும். 'செல்லாரில் நீர் தேங்கியுள்ளது, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று வாட்ஸப் குழுவில் எழுதுவேன். மோட்டாரை மாற்றிப் பார்த்தோம், தரையை உயர்த்திப் பார்த்தோம், சுவரில் ஏதேதோ பூசிப் பார்த்தோம். தண்ணீர் எதற்கும் மசியவில்லை. பெய்த மழைக்கு எதற்காக நான் வருந்த வேண்டும் என்று யாரும் கேட்டதுமில்லை.

அதே செல்லாரின் பின்கோடியில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. அவற்றை இணைக்கும் குறுக்குக்கல்லின் நடுவில் ஒரு துளை. கட்டடம் கட்டியவர்கள் அதை இடிக்கப் பயந்து விட்டுவைத்தார்களாம். குடிவந்தவர்கள் மஞ்சளும் குங்குமமும் வைத்து அதை அம்மவாரு ஆக்கிவிட்டோம். எந்த அம்மன் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் புது கார் வாங்குகிற சாஃப்ட்வேர்காரர்கள்கூட அதன் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் வண்டியை வெளியே எடுப்பதில்லை.

ஒருநாள் மாலை சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் ஏரிக்கரைக்கு மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஏரி என்று மீதமிருப்பது அந்தத் துண்டுதான். கரையோரம், தண்ணீருக்குள் அதே மாதிரி இரண்டு தூண்கள், அதே குறுக்குக்கல், அதே துளை.

"நம்ம அம்மவாரு," என்றாள்.

"ஏட்டி, சாமிய அப்படில்லாம் பேசாத."

"சாமி இல்லப்பா, தூமு. இந்த ஓட்டையில நீளமா ஒரு கட்டைய விட்டு அடைப்பாங்க. தூக்கினா கரைக்கு அந்தப் பக்கம் வயலுக்குத் தண்ணி போகும். நான் படிச்சுப் பாத்துட்டேன். எப்பவும் லேக்குக்கு உள்ளதான் நிக்கும்."

"சரி, இருக்கட்டும்."

"நம்ம செல்லார்லயும் நிக்குதே."

நான் திரும்பி எங்கள் அடுக்ககத்தைப் பார்த்தேன். நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், மடையும் மதகும் பார்க்காதவன் இல்லை. அது எனக்குத் தோன்றாமல் இவளுக்குத் தோன்றியது ஒரு எரிச்சல். ஏரிக்குள் கட்டிய வீடுகளை இடிக்கிறார்கள் என்று அந்தச் சமயத்தில் நாளும் செய்தி வந்துகொண்டிருந்தது இன்னொரு எரிச்சல். எங்கள் காகிதமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஏரிதான் இடம் மாறாமல் இருந்துவிட்டது.

மாடல் தயாரானது. ஒட்டுப்பலகையில் நீல வண்ணத்தில் ஏரி, மண்ணால் கரை, தீக்குச்சி கனத்தில் தூமு. நீலத்தின் நடுவே வெள்ளைப் பெட்டியாக எங்கள் அடுக்ககம். எங்கள் வீட்டு பால்கனியில் காயும் என் லுங்கியைக்கூட வரைந்திருந்தாள்.

விஷயம் எப்படியோ பரவி, சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே சிகந்திராபாத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம். பேத்தி என் மகள் படிக்கிற பள்ளியில்தான் படிக்கிறாள்.

"கைக்கு சார், எதுக்கு இதெல்லாம்?" என்று ஆரம்பித்தார். "ரெண்டாவது மாடிக்காரர் ஃப்ளாட்ட விக்கறார். பேச்சு முடியற டைம். பாப்பாகிட்ட சொல்லி அந்த டப்பாவ மட்டும் எடுத்துடுங்க. ஏரி இருக்கட்டும், அழகாத்தான் இருக்குது."

"ஸ்கூல் பிள்ள செய்யுத வெளாட்டு சார் இது."

"ஹவ், ஆமா, வெளையாட்டுதான். போட்டோ எடுத்துப் போட்டுடுவாங்களே சார்."

அவர் போன மறுநாள் வகுப்பு ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். மாடல் அருமையாம், வரலாற்றுக்கு நல்ல மதிப்பெண் வருமாம். ஆனால் அக்கம்பக்கத்தாரைப் பதறவைப்பது நல்ல குடிமகள் செய்கிற காரியமா என்று நடுவர்கள் யோசிப்பார்களாம். அந்தக் கட்டடத்தை மட்டும் எடுத்துவிட்டால் டெல்லிக்குப் போக நிச்சயம் வாய்ப்பு உண்டாம். உண்மைக்குப் பாதி மதிப்பெண், அதை வெளியே சொல்லாமல் இருப்பதற்கு மீதிப் பாதியா என்று கேட்க வாய் வந்தது. பிள்ளை அங்கே இன்னும் இரண்டு வருடம் படித்தாக வேண்டுமே என்று அடக்கிக்கொண்டேன்.

மகள் என் முன்னால் வந்து நின்றாள். "எடுத்துடட்டுமாப்பா?"

"என்ட்ட ஏன் கேக்க? நீதான செஞ்ச," என்று சிடுசிடுத்தேன்.

எடு என்று சொல்ல நாக்கு கூசியது. எடுக்காதே என்றால் குழு முழுக்க என்னைப் பிய்த்துவிடும். கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. "பிள்ள மூஞ்சியப் பாருங்க, அதுக்கிட்டப் போயி எரிஞ்சு விழுதியளே," என்றாள் மனைவி. மகள் அந்தப் பெட்டியை மெல்லப் பெயர்த்தாள். அது இருந்த இடத்தில் நீலம் உரிந்து, பலகை தெரிந்தது. அந்த இடத்தை விரலால் தடவினாள்.

"இத எடுத்துட்டா லேக் எப்படிச் சின்னதாச்சுன்னு யாருக்கும் புரியாதுப்பா," என்று சொல்லிப் பசை தடவித் திரும்ப ஒட்டிவிட்டாள்.

போட்டி நடந்த கூடத்தில் மூன்று கோல்கொண்டாக்கள் இருந்தன, மூன்றும் அந்தக் கடையில் வாங்கியவை. பிள்ளைகள் மாறி மாறிப் பொத்தானை அழுத்த, யாரும் எதுவும் செய்வதற்கு முன்பே கூடம் கைதட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மேசைக்கு வந்த நடுவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஏரிக்குள் எதற்குக் கட்டடம் என்று கேட்டார்.

"நாங்க அதுலதான் சார் இருக்கோம்," என்றாள் மகள்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். வரலாறு என்றால் பழைய காலத்தைத்தானே காட்ட வேண்டும், இது ஏதோ புகார் மாதிரி இருக்கிறதே என்றார். நடந்ததைத்தான் வைத்திருப்பதாக அவள் சொன்னாள். அவர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த கோல்கொண்டாவுக்குப் போனார்.

வரலாற்றுக்கான பரிசு ஒரு கோல்கொண்டாவுக்குப் போனது. நல்ல குடிமகள் விருதையும், மொத்த மதிப்பெண்ணில் டெல்லிப் பயணத்தையும் வாங்கியது எங்கள் தலைவரின் பேத்தி. மாடலோடு அவள் ஒரு சுவரொட்டியும் வரைந்து வைத்திருந்தாள். தலைப்பு, 'ஏரிகளைக் காப்போம்'. மேடைக்குக் கீழே தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கைதட்டினேன், தட்டாமல் என்ன செய்வது? என் மகளும் தட்டினாள். அவள் மனதாரத் தட்டினாள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆட்டோவில் மாடலை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுத் தெரு திரும்பியதும், "டெல்லி போணும்னு ரொம்ப ஆசையா இருந்துச்சுப்பா," என்று சொல்லி அழுதாள். குழிகளில் இறக்கி ஓட்டியதற்காக நான் ஆட்டோக்காரரோடு சண்டை போட்டேன்.

சுவரொட்டியைத் தலைவர் கண்ணாடிச் சட்டம் போட்டுச் செல்லாரில் லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டினார். குழுவில் எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள். இரண்டாவது மாடிக்காரரும் காட்டினார். ஃப்ளாட்டை விற்றுவிட்டுக் கிளம்பியும் போனார். எங்கள் வீட்டில் மாடலை வைக்க இடமில்லை. மனைவி அதைக் கீழே கொண்டுபோய், அம்மவாரு பக்கத்தில் கிடந்த ஒரு குட்டை இரும்பு முக்காலிமேல் வைத்து, சரியாமல் கயிற்றால் கட்டினாள்.

அடுத்த பருவத்தின் முதல் பெரிய மழை பெய்து ஓய்ந்த காலையில் படியிறங்கிப் பார்த்தேன். முழங்காலுக்குத் தண்ணீர். ஸ்கூட்டர்கள் பாதிக்கு மேல் முங்கி நின்றன. முக்காலியும் பலகையும் நீல வண்ணமும் நீருக்குள் இருந்தன. வெள்ளைப் பெட்டி மட்டும் வெளியே தெரிந்தது. அதற்கு நாலு பக்கமும் தண்ணீர், ஓரமாக அம்மவாரு.

மகள் பின்னாலேயே வந்து, நனையாத கடைசிப் படியில் உட்கார்ந்தாள். அழுவாளோ என்று பயந்தேன். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இப்பதான்ப்பா கரெக்டா இருக்கு," என்றாள்.

மேலேயிருந்து தலைவரின் குரல் வந்தது. "சார், குரூப்ல மெசேஜ் போடுங்க சார். எல்லார் வண்டியும் நிக்குது."

கைப்பேசியை எடுத்தேன். நீர் தேங்கியுள்ளது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று கை தன்னால் எழுதிவிட்டது. அதை அழித்துவிட்டு வேறு எழுதி அனுப்பினேன்.

'ஏரி வந்திருக்கிறது. வண்டிகளை மேலே எடுத்துக்கொள்ளவும்.'