வள்ளத்துக்கு மூலை கட்டியவர்

அன்று காலை ரோஸ்லின் அக்காவிடம் நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை.

எட்டு மணி இருக்கும். பிரஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "எங்க அக்கா போயிட்டாம்மா. தூக்கத்துலயே போயிட்டாளாம். பக்கத்து வீட்டுல இருந்து இப்பத்தான் சொன்னாக. நாங்க இங்கன இருந்து கிளம்புறோம், நீ மொதல்ல வீட்டுக்குப் போ" என்றார். பிறகு அழுகைக்கு நடுவே கேட்டார்: "நேத்து சாயங்காலம் ஒங்கூடத்தான பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்திருப்பா? என்னையப் பத்திக் கேட்டாளா?"

"கேட்டாங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

புஷ்பம் அக்கா முந்தின நாள் உண்மையில் சொன்னது இது: "வீட்டுக்குப் போயி சேவியருக்குப் போன் போட்டு வள்ளம் எப்டி இருக்குன்னு கேக்கணும். ரோஸ்லின் எப்டி இருக்கான்னு பெறகு கேட்டுக்கிடலாம்."

தங்கையிடம் அந்த நேரத்தில் அதை எப்படிச் சொல்வது? இப்போது சொல்லிவிட்டேன். அக்காவைத் தெரிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். தெரியாதவர்களுக்காக மீதியை எழுதுகிறேன்.

புஷ்பம் அக்கா எங்கள் சிவகாசி காலண்டர் பிரஸ்ஸில் பேக்கிங் சூப்பர்வைசர். நான் அங்கே புரூஃப் பார்க்கிறேன். அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் போன பிறகு தங்கை ரோஸ்லினைப் படிக்கவைத்து, வேம்பாருக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரை ஊரில் சேவியர் என்பவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சேவியர் அண்ணன் வள்ளம் என்கிற சின்னப் படகில் போய் மீன்பிடிக்கிறவர்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன். அக்கா எட்டிப் பார்த்து, "இதுல என்ன போட்ருக்கான்?" என்பார்கள். "ஒரு குடும்பத்தோட கதைக்கா. அறுநூறு பக்கம்." "அம்புட்டுப் பக்கமா? அதுல ஒருத்தருக்கும் வேலை வெட்டி கெடையாதா?" இப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது. நான் அதிகம் பேசாதவள். அக்காவுக்கு அது வசதியாக இருந்தது.

சேவியர் அண்ணனின் பழைய வள்ளம் உடைந்துபோனபோது, அவரும் ரோஸ்லின் அக்காவும் ஒரு தீபாவளி சீசன் முழுக்க சிவகாசியில் வந்து இருந்தார்கள். அவர் விஸ்வநத்தத்தில் பட்டாசு லோடு ஏற்றினார். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாயங்காலமானால் மொட்டை மாடியில் ஏறி நின்று, "மதினி, கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்பாராம். தினமும் கேட்பாராம். ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னார்கள்: "தங்கச்சி பக்கத்துலயே இருக்குறது எனக்குச் சந்தோசந்தான். ஆனா அந்த மனுசன் இங்கன இருந்தா காய்ஞ்சு போவான்." சீசன் முடிந்ததும் எங்கெங்கோ அலைந்து, பழைய ஃபைபர் வள்ளம் ஒன்றைச் சேவியர் அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். அது போனால் இன்னொன்று வாங்க வழியில்லை, அவர் மறுபடி லோடு ஏற்றத்தான் வரவேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டே மாதத்தில் அந்த வள்ளத்தின் பக்கவாட்டில் விரிசல் விட்டது. கடலில் அல்ல, வள்ளங்களைக் கட்டி நிறுத்தும் மேடையான ஜெட்டியில். கட்டி நிறுத்தியிருக்கும்போது அலையில் ஆடி ஆடி, கான்கிரீட் விளிம்பில் இடித்திருக்கிறது. சேவியர் அண்ணன் இடி தாங்குவதற்குப் பழைய டயர்களைத் தொங்கவிட்டிருந்தார். டயரிலிருந்து பிய்ந்து நின்ற கம்பி வேறு கீறியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாத்தூர், விளாத்திகுளம் என்று பஸ் மாறி மாறி, என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள் அக்கா. வள்ளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா? பார்சல்ல அடி எங்கன படும்? மூலையில. ஏன் படும்? ஆடுறதால. ஆடாமக் கட்டுனா அடி படாது" என்றார்கள்.

எங்கள் பிரஸ்ஸிலிருந்து போகும் காலண்டர் கட்டுகள் லாரியில் எத்தனை ஊர் தாண்டினாலும் ஒரு மூலைகூட மடங்காது. அந்தப் பெருமையில்தான் அன்று வள்ளத்தையும் கட்டினார்கள். முழங்காலை ஜெட்டியில் ஊன்றி, கயிற்றை இழுத்து, முன்னும் பின்னும் இறுக்கி முடிச்சுப் போட்டார்கள். வள்ளம் அசையவில்லை. சேவியர் அண்ணன் தலையைச் சொறிந்தார். மதினியிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர்.

நாங்கள் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டமார் என்று சத்தம் கேட்டது. கடல் இறங்கியிருந்தது. கூடவே இறங்க வழியில்லாமல் தொங்கிய வள்ளம், கயிறு மாட்டியிருந்த வளையத்தைப் பிய்த்துக்கொண்டு, திரும்பிப்போய்ப் பக்கத்து வள்ளத்தில் மோதியிருந்தது.

பக்கத்து வள்ளம் கஸ்பார் அண்ணனுடையது. அறுபது வயதுக்காரர்.

"ஏம்மா வெடிக்காரி! இது கடலு. ஒங்க ஊரு லாரி இல்ல, கட்டிப்போட்டா சும்மா கெடக்க."

"கடலு இறங்கும்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"கடலு இறங்கும்னு சொல்லணுமா? காலையில விடியும்னும் சொல்லணுமோ?"

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா சாத்தூரில் சேவுப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "அந்த ஆளு சொன்னது சரிதான். ஆனா சொன்ன விதம் சரியில்ல" என்றார்கள்.

அடுத்த தடவை போனபோது கயிற்றைத் தொடவே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜெட்டியில் குடை பிடித்து உட்கார்ந்து வள்ளத்தைப் பார்த்தார்கள். எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது, எந்த இடம் உரசுகிறது என்று சாக்பீஸால் சுவரில் கோடு போட்டார்கள். கஸ்பார் அண்ணன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "வெடிக்காரி கடலுக்கு அளவு எடுக்குறா. சட்டை தைக்கப் போறா போல" என்றார்.

சட்டைதான் தைத்தார்கள். அச்சு மெஷினில் காகிதத்துக்கு மை ஒற்றுகிற ரப்பர் ஷீட்டை பிளாங்கெட் என்போம். தேய்ந்துவிட்டால் கழற்றிப் போட்டுவிடுவார்கள். மெஷின்காரர்களிடம் அதைக் கேட்டு வாங்கி, இறுக்கமாக உருட்டி, கோணி ஊசியால் தைத்து, தலையணை மாதிரி ஆக்கினார்கள். "என்னக்கா, கடலுக்கே மெத்தை போடப் போறீகளா?" என்று மெஷின்காரர்கள் கேலி செய்தார்கள். "ஒங்களுக்கும் ஒண்ணு தாரேன், மெஷின் ஓடும்போது நல்லாத் தூங்கலாம்" என்றார்கள் அக்கா. உருளைகளைப் பிடித்துக்கொள்வது என் வேலை. ஒரு வாரம் என் புரூஃப் தாள்களில் ரப்பர் வாசம் அடித்தது.

சுவரில் போட்ட கோடுகளின்படி, கடல் ஏறும்போது உரசும் இடத்துக்கு ஒரு வரிசை, இறங்கும்போது உரசும் இடத்துக்கு ஒரு வரிசை என்று வள்ளத்தின் பக்கவாட்டில் கட்டினார்கள். கயிறுகளை நீளமாக்கி, முன்னே ஒன்று பின்னே ஒன்று சாய்வாக விட்டார்கள். "ஆட விடணும். இடிக்க விடக் கூடாது. பார்சல் வேற, வள்ளம் வேற" என்று சேவியர் அண்ணனுக்கு விளக்கினார்கள். பிறந்ததிலிருந்து வள்ளத்தில் இருப்பவர் அதைக் கைகட்டிக் கேட்டுக்கொண்டார்.

அக்கா கூடுதலாக நான்கு உருளைகள் கொண்டுவந்திருந்தார்கள். நேரே கஸ்பார் அண்ணனிடம் போய், "ஒங்க வள்ளத்துல நான் பண்ணின காயத்துக்கு" என்று நீட்டினார்கள். அவர் வாங்கிக்கொண்டார். மறுமுறை போனபோது நான்கும் அவர் வள்ளத்தில் தொங்கின. "எப்டி இருக்கு?" என்று அக்கா கேட்டதற்கு, "அழகுக்குப் போட்ருக்கேன்" என்றார். அதற்குமேல் ஒரு பாராட்டு வார்த்தைகூட அவரிடமிருந்து வாங்க முடியவில்லை. ஐந்து வருடம் முயன்றார்கள்.

ஒரு வருடம் கழித்து வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்துப் பார்த்தார்கள். புதிதாக ஒரு விரிசல்கூட இல்லை. அக்கா பையிலிருந்து பெரிய சரவெடி ஒன்றை எடுத்து, பட்டப்பகலில் கடற்கரையில் கொளுத்திவிட்டார்கள். மீன் ஏலம் பாதியில் நின்றது. "போச்சு, மீனெல்லாம் இலங்கைக்கு ஓடிருச்சு" என்று கஸ்பார் அண்ணன் கத்தினார். அக்கா காதைப் பொத்திக்கொண்டு, மணலில் குதித்துக் குதித்துச் சிரித்தார்கள். அவ்வளவு பெரிய மனுஷி அப்படிக் குதித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அடக்கத்துக்குக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். கஸ்பார் அண்ணன் வரவில்லை. "எம்புட்டுச் சண்டை போட்டிருந்தாலும், இதுக்கு வந்திருக்கலாம்" என்றார் ரோஸ்லின் அக்கா. அன்று சிவகாசியிலேயே பலத்த காற்று. பந்தல் துணி படபடத்துக்கொண்டிருந்தது. சேவியர் அண்ணன் அதை அடிக்கடி நிமிர்ந்து பார்த்தார். காவலுக்கு ஆளில்லாமல் வள்ளம் ஜெட்டியில் நிற்கிறது என்பது எனக்கும் நினைவுக்கு வந்தது.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது அது சாய்ந்து, ஒரு பக்கம் குழியின் ஓரத்தில் லேசாகத் தட்டியது. பேக்கிங் பிரிவுப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில், "மூலை! மூலை! பாத்து!" என்று கத்தினார்கள். கத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது ரோஸ்லின் அக்காதான். பிறகு எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தோம். சாமியார் கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகு ஜெபத்தைத் தொடர்ந்தார்.

போய் வாருங்கள் அக்கா. நீங்கள் கட்டியது எதுவும் வழியில் உடையவில்லை.

மூன்றாம் நாள் சேவியர் அண்ணன் ஊருக்குத் திரும்பினார். காற்றடித்த அந்த இரண்டு நாளும் கஸ்பார் அண்ணன் நம் வள்ளத்திலேயே உட்கார்ந்து, கடல் ஏற ஏறக் கயிற்றைப் பிடித்தும், இறங்க இறங்க விட்டும் இருந்திருக்கிறார். வள்ளத்தில் ஒரு கீறல் இல்லை. அடுத்து வந்த வியாழக்கிழமை காலை சேவியர் அண்ணன் கடலுக்குப் போனார்.