மோட்டார் கொட்டகைமேல் ஒரு துண்டு

இலவசக் கரண்டு வாங்குகிறவனுக்கு வாய் எதற்கு என்று, திருவண்ணாமலைக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் என்னைக் கேட்டுவிடுவார். பௌர்ணமிக்கு மறுநாள் மலை சுற்றும் பாதையில் அணைக்க மறந்த சீரியல் பல்புகள் பட்டப்பகலில் மினுக்கிக்கொண்டிருக்கும். அவற்றின் அடியில் நின்றுகொண்டுதான் கேட்பார். "கரண்ட வீணாக்குறதே உங்கள மாதிரி ஆளுங்கதாங்க."

எனக்கு வாய் உண்டு. கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊர்க் காட்டில் கரண்டை நாங்கள் எப்படிக் கட்டி ஆண்டோம் என்று சொல்ல அந்த வாய் போதும். அதற்கு முன்னால் அதை எப்படி நாசம் செய்தோம் என்பதையும் சொல்லவேண்டும். அந்தப் பெருமையில் முதல் பங்கு எனக்கு.

தொண்ணூறுகளின் கடைசி. கிணற்று மோட்டார் ஓட மூன்று பேஸ் கரண்டு வேண்டும். அது நாளில் சில மணி நேரம்தான் வரும். சொன்ன நேரத்துக்கு வராது. நாம் வீட்டில் சோற்றில் கை வைக்கும்போது வரும். இதற்கு மருந்தாக 'ஆட்டோ' என்று ஒரு பெட்டி விற்றார்கள். மாட்டிவிட்டால் கரண்டு வந்த நொடியில் மோட்டார் தானே கிளம்பும். ஊரில் முதலில் மாட்டியவன் நான். டீக்கடையில் உட்கார்ந்து, "என் மோட்டாரு இப்ப ஓடிக்கினு இருக்கும்" என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வேன். பார்த்தவர்களுக்கு வயிறு எரிந்தது. அடுத்த அறுவடைக்குள் எங்கள் டிரான்ஸ்பார்மரில் இருந்த எல்லா மோட்டாருக்கும் ஆட்டோ வந்துவிட்டது.

மோட்டார் ஓடும்போது குடிக்கும் கரண்டைவிடக் கிளம்பும்போது குடிப்பது பல மடங்கு. அத்தனை மோட்டாரும் ஒரே நொடியில் எழுந்தால்? கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் மொத்தப் பேரும் ஒரே சாம்பார் வாளியைப் பிடித்து இழுத்த கதைதான். டிரான்ஸ்பார்மர் எண்ணெயைக் கக்கிப் புகைந்து நின்றது. அதை இறக்கி வேறு ஏற்றுவதற்குள் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, விழுது இறங்கும் பருவம் தாண்டிவிட்டது. பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கும்போது ஈரம் இல்லையென்றால் காய் பிடிக்காது. அந்த வருஷம் பிடுங்கியபோது கொடிதான் வந்தது. ஆடுகள் எங்களை வாழ்த்தின.

அடுத்த போகத்தில், மறுபடியும் மல்லாட்டை பூவெடுத்த நேரம் பார்த்து, அதே டிரான்ஸ்பார்மர் மறுபடியும் எரிந்தது. இந்தத் தடவை ரிப்பேர் பார்த்துச் சீக்கிரம் ஏற்றிவிட்டார்கள். கூட வந்த இளம் பொறியாளர் மரத்தடியில் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்.

"பெரிய டிரான்ஸ்பார்மர் வேணும்னு கேட்டிருக்கோங்க. வர்றப்ப வரும். அதுக்குள்ள இது எரிஞ்சா, இந்த போகத்துக்கு இன்னொண்ணு இல்ல. ஆட்டோவ எல்லாம் கழட்டிடுங்க."

"எல்லாரும் கழட்டட்டும், நானும் கழட்டுறேன்" என்றார்கள் எல்லாரும்.

என் கிணற்றுக்குக் கீழே பள்ளத்தில் நிலம் வைத்திருக்கும் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, எழுந்தார். "கழட்டுறதாவது? ரோட்டுல உக்காந்து நாலு பஸ்ஸ நிறுத்துனா பெருசு தன்னால வரும்."

"வரும் மாமா" என்றாள் என் மனைவி. "வர்ற வரைக்கும் மல்லாட்ட விழுத எறக்காம நிக்குமா?"

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் நிறுத்தவில்லை. "ஏரி ரொம்புனா இன்னா பண்றோம்? எல்லாரும் ஒரே நேரத்துலயா மடையத் தொறக்குறோம்? முறை வச்சிதான பாய்ச்சுறோம். கரண்டுக்கு மட்டும் இன்னா கேடு?"

பொறியாளர் சிரித்தார். "அந்த மாதிரி எங்ககிட்ட ரூல் இல்லீங்களே."

"ஏரிக்கு மட்டும் யாருங்க ரூல் குடுத்தாங்க? நாங்களே போட்டுக்கினோம்."

அங்கேயே முறை போட்டோம். கரண்டு வந்ததும் மேட்டுக்காடு. பாதி நேரம் போனதும் பள்ளத்துக்காடு. ஒருவர் மோட்டார் போட்டு அது நிதானத்துக்கு வந்த பிறகுதான் பக்கத்துக் கிணற்றுக்காரர் போடவேண்டும். இரண்டு காட்டுக்கும் தெரிகிற கொட்டகை என்னுடையது. அதனால் என் கொட்டகைமேல் சிவப்புத் துண்டு ஏறியிருந்தால் மேட்டுக்காட்டு முறை, இறங்கினால் பள்ளத்துக்காட்டு முறை. என் கொட்டகையை நம்பித்தான் இந்த ஏற்பாடு. என்னை நம்பி அல்ல.

முதலில் யார் ஆட்டோவைக் கழற்றுவது? மனைவி ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தாள். வீரனாக நடந்துபோய்ப் பெட்டியில் கை வைத்தேன். மெயினை அணைக்கவில்லை என்பதை என் விரல் ஊருக்கே கேட்கும்படி அறிவித்தது. சிரித்து முடித்துவிட்டு ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். அண்ணன் மட்டும் மாட்டேன் என்றார்.

"என் மோட்டாரு, என் கெணறு. எவன் கேக்குறது?"

"நீங்க வச்சிக்குங்க மாமா" என்றாள் மனைவி. "ஒத்த மோட்டாரு எழுந்தா ஒண்ணும் எரியாது. முறை இல்லாம குடிக்கிறது யாருனு ஊருக்குக் காது கேக்கும், அவ்ளோதான்."

மறுநாள் கரண்டு வந்தது. காடு முழுக்க அமைதி. அண்ணன் மோட்டார் மட்டும் தன்னந்தனியாகக் கத்திக்கொண்டு எழுந்தது. மேட்டிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். அதற்கு மறுநாளும் அப்படியே, விசில் மட்டும் ஜாஸ்தி. அந்த வாரம் முடிவதற்குள் அண்ணன் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார். "இந்தா, பழைய இரும்புக்காரன் வந்தா போடு."

முறை நன்றாகத்தான் நடந்தது, நான் குளிக்கும் வரைக்கும்.

ஒரு நாள் நேரம் ஆனதும் துண்டை இறக்கினேன், மோட்டாரை அணைத்தேன், தொட்டியில் குளித்தேன். துவட்ட வேறு எதுவும் இல்லாததால் அந்தத் துண்டாலேயே துவட்டி, அலசி, பழக்க தோஷத்தில் கொட்டகைமேல் காயப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன். துண்டு தெரிவதால் மேட்டுக்காட்டார் சந்தோஷமாகப் பாய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். பள்ளத்துக்காட்டார் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கரண்டு போய்விட்டது. ஊர்வலமாக என் வீட்டுக்கு வந்தார்கள்.

"ஏண்டா, எங்க பயிரக் காயப்போட்டுட்டு நீ துண்டக் காயப்போடுறியா?" என்றார் அண்ணன்.

ஏரியில் முறை தவறினால் அந்த வாரம் தண்ணீர் கிடையாது. வந்தவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லத் தயங்கினார்கள். விழுது இறங்குகிற வாரம் என்பது எல்லாருக்கும் தெரியும். சொன்னவள் என் மனைவி.

"இந்த வாரம் எங்க மோட்டாரு ஓடாது. போங்க."

"யாரு பாக்கப் போறாங்க, கொஞ்ச நேரம் ஓட்டிக்கலாம்" என்று பிறகு முணுமுணுத்துப் பார்த்தேன். "ஊருக்குக் காது இருக்குது" என்றாள். அப்புறம் அவளே நிலத்துக்குப் போய் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். எனக்கு அந்த விரல் ஷாக்கே தேவலை என்றிருந்தது.

நான்காம் நாள் மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. பள்ளத்துக்காட்டு முறை வந்த நேரம் வரப்பில் சத்தம். அண்ணன் தன் மோட்டாரில் மாட்டிய நீல ஓஸ் குழாயைத் தோளில் சுமந்து, மேட்டில் மூச்சிரைக்க ஏறி வந்து, என் மல்லாட்டைக்குள் அதன் வாயைப் போட்டார். பள்ளத்துத் தண்ணீர் மேடேறி வந்து பாய்ந்தது.

வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்த கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "அவன் முறை போச்சே, இது இன்னா நியாயம்?"

"அவன் மோட்டாரு ஓடலியே? என் முறை, என் மோட்டாரு, என் கெணறு. என் தண்ணிய எங்க வேணா வுடுவேன். எவன் கேக்குறது?"

எவனும் கேட்கவில்லை. மண் ஈரமானது, விழுது இறங்கியது. அந்த வருஷம் கொடியைப் பிடுங்கியபோது காய் கொத்தாக வந்தது. ஆடுகளுக்குத்தான் ஏமாற்றம். டிரான்ஸ்பார்மர் எரியவே இல்லை.

சில வருஷம் கழித்துப் பெரிய டிரான்ஸ்பார்மர் வந்தது. கேட்டது எங்கள் உரிமை, வந்ததை மாலை போட்டு வாங்கினோம். வேறொரு பொறியாளர். "இனிமே முறை கிறையெல்லாம் வேணாங்க. ஆட்டோகூட மாட்டிக்கலாம், தாங்கும்."

"ஏரியப் பெருசா வெட்டிட்டா மடையப் புடுங்கிப் போட்டுடுவீங்களா சார்?" என்றார் அண்ணன். "நாளைக்கு இன்னும் பத்துக் கெணறு வரும், பசங்க வூடு கட்டுவானுங்க. அப்ப தாங்குமா? நீங்க கரண்டக் குடுங்க. முறைய வுட மாட்டோம்."

அன்றைக்கும் துண்டு ஏறியது. புதுத் துண்டு. ஏற்றுகிற வேலை அண்ணனுக்கு மாறி வெகுகாலம் ஆகியிருந்தது. குளித்துவிட்டு என் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். என் சொந்தக் கொட்டகைமேல் எதையும் காயப்போட எனக்கு இன்றுவரை அனுமதி இல்லை.