எல்லாத்துக்கும் ஒரு துப்பாக்கி

பாடாலூரில் மெயின் ரோட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் எங்கள் வீடு. அந்த நிலம் என் மனைவிக்கு அவள் அப்பா கொடுத்தது. துபாயில் பதினாறு வருடம் லாரி ஓட்டிவிட்டு வந்து, அதில் வீடு கட்டிக் குடியேறினேன். சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரே ஒரு வீடு உண்டு. வயதான கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர்களிடம்தான் பால் வாங்குவோம்.

ஓர் ஆவணி மாதம், காலையில் பால் வாங்கப் போன நான்தான் முதலில் பார்த்தேன். கதவு திறந்து கிடந்தது. பெரியவரைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோட்டைக் கழற்றப் பொறுமை இல்லாமல் காதோடு இழுத்திருக்கிறார்கள். புடவை முந்தானையைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மாட்டுக்குத் தண்ணி காட்டலப்பா இன்னும்" என்றார். அதைத்தான் முதலில் சொன்னார். ஒரு மாதத்தில் அவர்களை மகன் திருப்பூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு அந்தப் பக்கத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

அதே பருவத்தில் காட்டுப்பன்றிகளும் வந்தன. மக்காச்சோளம் கதிர் பிடித்துப் பால் ஏறும் நேரம் அவற்றுக்கு எப்படித்தான் தெரியுமோ, மேற்கே மலைப் பக்கத்திலிருந்து கூட்டமாக இறங்கும். தின்பது கொஞ்சம், சாய்ப்பதுதான் அதிகம். விடிந்து பார்த்தால் ரோடு ரோலர் ஓட்டின மாதிரி கிடக்கும். வெடி போட்டேன், கலர் சேலைகளை வேலியில் கட்டினேன். இரண்டு நாள் பயந்தன. மூன்றாம் நாள் சேலையையே கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தன.

தூக்கம் போயிற்று. கட்டிலுக்கு அடியில் ஒரு வேப்பந்தடி வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஒரே மகள் அப்போது சென்னையில் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு முன்னால் விடுமுறை விட்டார்கள் என்று, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாள். பாடாலூரில் இறங்கும்போது போனில் சார்ஜ் இல்லை. விடியட்டும் என்று கொஞ்ச நேரம் டீக்கடையில் இருந்துவிட்டு, கிழக்கு வெளுத்ததும் நடந்து வந்திருக்கிறாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு நான் எழுந்தேன். வாசலில் கட்டியிருந்த எங்கள் நாய் குரைக்கவில்லை. தெரிந்த ஆள் என்பதால்தான் குரைக்கவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. நாயைக் கொன்றுவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. தாழ்ப்பாளை எடுத்து, கதவைத் திறந்த கையோடு தடியை வீசினேன்.

தலை தப்பியது. தோளில் விழுந்து காறை எலும்பு விரிசல் விட்டது. மூன்று வாரம் கையைத் துணியில் தூளி கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். கேட்பவர்களிடம் எல்லாம் படியில் விழுந்துவிட்டேன் என்றாள். என்னிடம் மட்டும் ஒரு தடவை சிரித்துக்கொண்டே, "சின்ன வயசுல ஒரு அடி கூட அடிச்சதில்லப்பா நீங்க. எல்லாத்தையும் சேத்து வச்சிருந்தீங்களா?" என்றாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அந்தச் சம்பவத்திலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்: பயத்தில்தான் அடித்தேன். கையில் நம்பிக்கையான ஒன்று இருந்தால் பயம் வராது. பயம் இல்லாவிட்டால் நிதானம் இருக்கும், யார் என்று கேட்கத் தோன்றும். ஆகவே துப்பாக்கி வாங்க வேண்டும். பன்றிக்கும் ஆகும், திருடனுக்கும் ஆகும்.

பெரம்பலூரில் ஒரு பேங்க் வாசலில் காவலுக்கு நிற்கும் நண்பர் எனக்கு உண்டு. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான்கைந்து தடவை அவரிடம் போய்ப் பேசினேன். "லைசென்ஸ் கெடைக்கறதே குதிரைக் கொம்பு. அதுல ரெண்டு மூணுன்னு ஆசைப்படாதீங்க. எது வாங்கினாலும் அது ஒண்ணே எல்லாத்துக்கும் ஆவுற மாதிரி பாத்துக்கங்க" என்றார். அதிலிருந்து என் தலைக்குள் அந்த ஒன்று எது என்பதைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை. செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். மனைவி கேட்பதற்கு 'ம்' கொட்டினேன்.

கைத்துப்பாக்கி என்றால் தலையணைக்குக் கீழே வைக்கலாம், வீட்டுக்குள் சட்டென்று திருப்பலாம். ஆனால் பன்றிக்கு அது விளையாட்டுச் சாமான். ரைபிள் என்றால் பன்றிக்குச் சரி. ஆனால் குண்டு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் ஊர் சமதளம், அடுத்த காட்டில் களை எடுக்கிறவர்கள் இருப்பார்கள். ஒற்றைக் குழல் துப்பாக்கி லேசானது, ஆனால் ஒரே வெடி. அது தவறினால் கையில் இருப்பது வெறும் தடி. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து இரட்டைக் குழலில் வந்து நின்றேன்.

திருச்சியில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். மேஜை மேல் பச்சைத் துணி விரித்து, ஒரு இரட்டைக் குழலை எடுத்து வைத்தார். தூக்கிப் பார்த்தேன். எண்ணெய் வாசனை. நினைத்ததைவிடக் கனம், ஆனால் தோளில் வைத்ததும் அந்தக் கனம் எங்கோ போய்விட்டது.

"எதுக்குங்க வேணும்?" என்றார்.

"காட்டுக்கும் வூட்டுக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாத்துக்கும் ஆவுற ஒண்ணுன்னு இந்தக் கடையில எதுவும் இல்லீங்க. காட்டுக்கு வாங்கினா வூட்டுக்குள்ள நீளம். வூட்டுக்கு வாங்கினா காட்டுல எட்டாது. நீங்க எடுத்துருக்கறது ரெண்டுக்கும் பாதிப் பாதி. அப்புறம், பயிர்ப் பாதுகாப்புன்னு லைசென்ஸ் வாங்கிட்டு பன்னியச் சுட்டா வனத்துறை கேசு. மேல பாத்து வெடிச்சி வெரட்டலாம், அவ்ளோதான். எலெக்சன் வந்தா ஸ்டேசன்ல கொண்டு போய் ஒப்படைக்கணும்."

எல்லாம் தெரியும் என்று தலையாட்டினேன். என் காதில் விழுந்தது 'நீளம்' என்ற ஒரே வார்த்தைதான்.

வீட்டுக்கு வந்ததும் மோட்டார் ரூமில் கிடந்த பிளாஸ்டிக் பைப்பில் அதே நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்தேன். அதைத் தோளில் வைத்துக்கொண்டு படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு வந்து பார்த்தேன். திரும்பும் இடத்தில் கதவு நிலையில் இடித்தது. இன்னொரு தடவை நுனியைத் தாழ்த்திக்கொண்டு வந்தேன். இடிக்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்று வாசல் கதவைக் குறி பார்த்தேன். ஒரு வாரம் தினமும் இப்படிச் செய்தேன். மனைவி அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். ஒரு நாளும் எதுவும் சொன்னதில்லை. அவளுக்கும் இதில் சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன்.

மனு போட்டேன். பயிற்சிச் சான்றிதழ், டாக்டர் சான்றிதழ் எல்லாம் வாங்கினேன். விசாரணைக்கு எஸ்.ஐ. வீட்டுக்கே வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், துப்பாக்கியை வைத்துப் பூட்டப்போகும் பீரோவைத் திறந்து காட்டச் சொன்னார், பன்றி சாய்த்த இடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார். நல்ல மாதிரியாகப் பேசினார். "ஒக்காருங்க சார், டீ வாங்கிட்டு வந்துடறேன்" என்று பிளாஸ்கை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனேன். வீட்டில் பால் இல்லை. போய் வர இருபது நிமிடம் ஆகியிருக்கும். நான் வந்தபோது அவர் எழுதி முடித்திருந்தார். டீயைக் குடித்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து அவரே போனில் கூப்பிட்டார். "குடும்பத்துல ஆட்சேபனை இருக்குங்க. ரிப்போர்ட் அப்படித்தான் போவுது. மேல ஆர்டர் வந்ததும் நீங்க அப்பீல் பண்ணிக்கலாம்."

"யாரு சார் ஆட்சேபனை?"

"அத நான் சொல்லக் கூடாது" என்று வைத்துவிட்டார்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. விக்கிரமங்கலத்தில் இருக்கும் என் அண்ணன். பூர்வீக நிலத்தில் வரப்பு எங்கே என்பதில் எங்களுக்குள் நாலு வருடமாகப் பேச்சு இல்லை. சொந்த ஊரிலும் விசாரிப்பார்கள் என்று பேங்க் நண்பர் சொல்லியிருந்தார். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பைக்கை எடுத்தேன்.

பெரம்பலூர் தாண்டி அரியலூர் போகும் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தப் புழுதியில் ஒவ்வொன்றையும் முந்தும்போது, அண்ணனிடம் கேட்க வேண்டியதைச் சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. எதிரே வந்த பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கியது. அரியலூரில் தண்ணீர் குடிக்கக்கூட நிற்கவில்லை.

அண்ணன் வாசலில் கோணி தைத்துக்கொண்டிருந்தார். அண்ணி குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணனோடு பேச்சு நின்ற பிறகும், எங்காவது கல்யாணம் காட்சியில் பார்த்தால் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறவர் அண்ணி. அன்று என்னைப் பார்த்தார், என் பைக்கைப் பார்த்தார். விளையாடிக்கொண்டிருந்த பேத்தியை ஒரு கையால் வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

திரும்பி என் பைக்கைப் பார்த்தேன். சீட்டுக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நடுவில், சாக்குத் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டு, என் அரிவாள் இருந்தது. மோட்டார் ரூமிலிருந்து அதை எடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எதற்கு எடுத்தேன் என்பது மட்டும் இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

அண்ணன் கோணி ஊசியைக் கீழே வைத்தார். எழுந்திருக்கவில்லை.

"என்னடா?"

"போலீசுகிட்ட என்ன சொன்னீங்க?"

"வந்தாங்க. ஒன் தம்பிக்குத் துப்பாக்கி குடுக்கலாமான்னு கேட்டாங்க. அவனுக்குக் கோவம் வரும், ஆனா கை நீட்ற ஆளு இல்ல, தனிக்காட்டுல இருக்கான், குடுங்கன்னு சொன்னேன். கையெழுத்தும் போட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். அரிவாளைப் பார்த்தார். "தப்பா சொல்லிட்டனோ?"

உட்கார்ந்தால் தேவலாம் போல இருந்தது. ஆனால் அந்த வாசலில் உட்கார எனக்கு என்ன முகம் இருக்கிறது? "அண்ணே..." என்றேன்.

"சாப்ட்டியா?"

"இல்ல."

"கதவத் தொறக்க மாட்டா இப்ப. போயிட்டு இன்னொரு நாளைக்கு வா. அத வூட்டுல வச்சிட்டு வா."

திரும்பி வரும்போது அரியலூருக்கு முன்னால் ஒரு பாலத்தில் வண்டியை நிறுத்தி, அரிவாளைச் சாக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினேன். முடிச்சுப் போட வெகுநேரம் ஆயிற்று. யார் சொல்லியிருப்பார்கள் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், வீடு போய்ச் சேரும் வரைக்கும் வேறு யார் யாரையோ நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மனைவி கொல்லையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வெயில் இன்னும் இருந்தது.

"நீயா?"

"ஆமா." மடிப்பதை நிறுத்தவில்லை. "நீங்க டீக்குப் போனப்ப அவரு கேட்டாரு. உங்களுக்கு எதாச்சும் ஆட்சேபனை இருக்காம்மான்னு. இருக்குன்னேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவள் கையில் மகளுடைய பழைய தாவணி இருந்தது. அதை நாலாக மடித்து மற்றதன் மேல் வைத்தாள்.

"அன்னைக்கு ஒங்க கையில இருந்தது தடி. அதனாலதான் நம்ம புள்ள இருக்கா. அவ நின்ன எடத்தத்தான் நீங்க ஒரு வாரமா பைப்ப வச்சிக் குறி பாத்தீங்க. நான் கீர ஆய்ஞ்சிக்கிட்டே பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு கீரயும் ஆய்ல."

"நான் அவளயா குறி பாத்தேன்? என்ன பேச்சு பேசுற?"

"அன்னைக்கும் அவளன்னு நெனச்சா அடிச்சீங்க?"

கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத விருப்பமில்லை. போலீசுக்கு முன்னால் என்னைக் கேவலப்படுத்திவிட்டதாக, திருடன் வந்தால் அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்பதாக, இன்னும் என்னென்னவோ. அவள் பயந்து பின்னால் போகவில்லை. ஆனால் துணிக்கூடையை மட்டும் தூக்கி எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். முப்பது வருடத்தில் அவள் அப்படிச் செய்து அன்றுதான் பார்த்தேன். அல்லது அன்றுதான் கவனித்தேன்.

"அப்பீல் பண்ணுங்க, வேணாங்கல" என்றாள், நான் ஓய்ந்த பிறகு. "ஆனா அது இந்த வூட்டுக்குள்ள வர்ற அன்னைக்கு நான் இங்க இருக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் சொல்லலன்னு நெனைக்காதீங்க." பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லும் குரலில்தான் சொன்னாள்.

பதினோரு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாடு எடுத்து வைப்பாள், சாப்பிடுவேன். நிராகரிப்பு உத்தரவு தபாலில் வந்தது. அப்பீல் மனுவைப் பெரம்பலூரில் ஒரு வக்கீலிடம் கொடுத்து எழுதி வாங்கினேன். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. மேஜை மேல் கிடந்தது. அவள் தினமும் அதை எடுத்துத் தூசி தட்டி, அதே இடத்தில் வைத்தாள். கெடு முடிந்த நாள் எனக்குத் தெரியும். அன்று காலையிலேயே காட்டுக்குப் போய்விட்டேன். பொழுது சாயும் வரைக்கும் வரவில்லை.

மனம் மாறிவிட்டேன் என்று சொன்னால் பொய். அவள் சொன்னது சரியா என்று கேட்டால், அதற்கும் என்னால் நேராக ஆமாம் சொல்ல முடியவில்லை. கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் கால் பங்குக்கு மேல் பன்றிக்குப் போயிற்று. வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் விளக்குப் போட்டோம், கதவை மாற்றிக் கம்பிக்கதவு வைத்தோம். அண்ணன் வீட்டுக்கு இரண்டு மாதம் கழித்துப் போனேன். அண்ணி கதவைத் திறந்தார், சோறு போட்டார். பேத்தி மட்டும் நான் இருந்த வரைக்கும் பக்கத்தில் வரவில்லை. வரப்புத் தகராறு இன்னும் தீரவில்லை.

அடுத்த பருவத்துக்குப் பருத்தி போட்டோம். பன்றி அதில் அவ்வளவாக வாய் வைக்காது. முதல் பஞ்சு எடுக்கும் அன்று ஆள் வரவில்லை. நாங்கள் இருவரே ஆளுக்கு ஒரு சாலில் எடுத்துக்கொண்டு போனோம். பாதிச் சாலில் அவள் நிமிர்ந்து, "இன்னும் கோவமா இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்து, "ஆமா" என்றேன்.

"சரி" என்றாள். மடியில் இருந்த பஞ்சைச் சாக்கில் கொட்டிவிட்டு, அடுத்த செடிக்குப் போனாள்.