காரை விழுந்த இடம்

கணவர் இறந்த பிறகு பள்ளிபாளையம் வீட்டில் தனியாக இருக்கிறேன். போன மழையில் படுக்கையறை ஒழுகியது. கொத்தனார் ஒரே நாளில், "சரி பண்ணியாச்சுங்க" என்றார். மூட்டுவலியால் மாடியேறிப் பார்க்க முடியாமல் அதை நம்பிவிட்டேன்.

சென்ற மாதம் வீட்டை விலைக்குப் பார்க்க வந்தவர், கூடவே ஓர் இன்ஜினியரையும் அழைத்து வந்தார். இன்ஜினியர் கம்பால் படுக்கையறைக் கூரையைத் தட்டியதும், நான் தலை வைத்துப் படுக்கும் இடத்தில் காரை பெயர்ந்து விழுந்தது.

"மேல விரிசலை அடைக்காம உள்ள மட்டும் பூசியிருக்காங்க. யாரும் ஏறிப் பார்க்கலீங்களா?" என்றார் இன்ஜினியர்.

"பார்க்க யாருங்க இருக்காங்க?" என்றேன்.

இப்போது வீட்டில் எந்த வேலை நடந்தாலும், பணம் கொடுக்கும் முன் பக்கத்து வீட்டுச் சரஸ்வதியை ஏறிப் பார்க்கச் சொல்கிறேன். முதல் தடவை கூப்பிட்டபோது, "இத்தனை நாளா ஏனுங்கக்கா கூப்புடலை?" என்று கேட்டாள்.