பதினான்காம் வரிசை

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போங்கள். யாரையும் நம்பவைக்க வேண்டிய தலையெழுத்து எனக்கில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நேரமெல்லாம் நிமிட சுத்தமாக இருக்கும். ஏனென்றால் நேரத்தைக் குறித்து வைப்பதுதான் அப்போது என் வேலை.

ஒரு சோலார் பிளான்ட்டின் கண்ட்ரோல் ரூமில் இருந்தேன். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அறுபது வரிசை பேனல்கள். எந்த வரிசை எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். எந்த வரிசையிலாவது மின்கசிவு இருந்தால் அலாரம் அடிக்கும். அடித்த பத்தாவது விநாடி அந்த வரிசை தானாக நின்றுவிடும். ஆனால் திரையில் ‘புறக்கணி’ என்று ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் அலாரம் வாயை மூடிக்கொள்ளும், வரிசை ஓடிக்கொண்டே இருக்கும்.

பேனல் கழுவ ஆறு பெண்கள் வருவார்கள். அவர்களில் மூத்தவரைப் பைப்பு அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். முழு ஹோஸையும் தனியாளாகத் தோளில் போட்டு இழுத்துவிடுவார். பதினான்காம் வரிசை நிற்பது அவருடைய மாமனார் நிலத்தில். கம்பெனி அதைக் குத்தகைக்கு எடுத்து வேலி போட்டதும், அதே மண்ணில் கூலிக்குக் கண்ணாடி கழுவ வந்தவர். “என் காட்டுக்கு நானேதான் தண்ணி பாய்ச்சுறேன். ஒரு புல்லு முளைக்குதா பாரு காலேஜு,” என்று என்னைச் சீண்டுவார். நான்தான் காலேஜு.

பேனலைக் கழுவுவது பொழுது சாய்ந்த பிறகுதான். வெளிச்சம் இருக்கும்வரை பேனலில் மின்சாரம் இருக்கும், வரிசையை நிறுத்தினாலும் அதை முழுசாக அணைக்க முடியாது. இருட்டிவிட்டால் அது வெறும் கண்ணாடி. பிளான்ட்டில் சேரும் முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம் இது.

அந்த ஒரு நாள் மட்டும் காலையில் கழுவச் சொன்னார் மேனேஜர். பத்து மணிக்குப் பெரிய பெரிய ஆட்கள் பார்வையிட வருகிறார்களாம், கண்ணாடி பளபளக்க வேண்டுமாம். பதினான்காம் வரிசையில் எலி கடித்த வயரை இரண்டு நாள் முன்பே பைப்பு அக்கா காட்டியிருந்தார். நானும் எழுதி அனுப்பியிருந்தேன். யார் படித்தார்கள்?

காலை 9:07. பதினான்கில் அலாரம். மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“அமுக்கும்மா. அவங்க வரும்போது ஒரு வரிசைகூட நிக்கக் கூடாது.”

அமுக்கினேன். ஆமாம், நான்தான் அமுக்கினேன்.

9:09க்குப் பதினான்கிலிருந்து அலறல் கேட்டது.

பைப்பு அக்கா பேச்சைக் கேட்காமல், கையுறை போடாமல், தானாகவே கழுவப் போய் இறந்தார் என்று மேனேஜர் அறிக்கை எழுதினார். பார்வையாளர்கள் வந்தார்கள். பூமியைக் காப்பாற்றுவது பற்றிப் பேசினார்கள். பதினான்கு கண்ணில் படாமல், ஐந்தாவது வரிசையோடு அவர்களைத் திருப்பி அனுப்பிவைத்தார் மேனேஜர்.

பத்தொன்பது நாள் கழித்து, மறுநாள் விசாரணை அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. அன்று முழுக்க மேனேஜர் என் பக்கத்து மேசையிலேயே ஏ.சி.யில் உட்கார்ந்திருந்தார். சாப்பாடுகூட அங்கேதான். சாயங்காலம் விஷயத்துக்கு வந்தார். அலாரம் பதிவில் 9:07 என்ற வரி இருக்கக் கூடாது. அழித்துவிட்டால் எனக்கு வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம். அந்த வரி போய்விட்டால் பைப்பு அக்கா தன் திமிரால் செத்தவர் ஆகிவிடுவார், எழுத்தில், என்றைக்கும். அந்த வரி இருந்தால் அமுக்கிய விரல் யாருடையது என்பதும் தெரிந்துவிடும்.

அந்த வரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

6:21க்குச் சூரியன் மறைந்தது. 6:45க்குத் திரையில் அறுபது வரிசையும் பூஜ்யம்.

6:48.

பதினான்காம் வரிசை... 0.2.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். 0.5. நிலா இல்லை. விளக்குக் கம்பமும் அந்தப் பக்கம் இல்லை.

6:50. வெளியே தண்ணீர் சத்தம். கண்ணாடியில் பீய்ச்சுகிற சத்தம்... ச்ச்ச்ஷ். பிறகு ரப்பர் கட்டை இழுபடும் சத்தம்... கீ...ய்ச். கழுவும் பெண்கள் அந்தப் பத்தொன்பது நாளாக வேலைக்கே வரவில்லை. திரையில் பார்த்தேன். பம்ப் ஓடவில்லை. ஆனால் தொட்டியில் தண்ணீர் குறைந்துகொண்டே போனது.

“சார்... இதப் பாருங்க.”

எட்டிப் பார்த்தவருக்கு முகம் வெளுத்தது. பேய்ப் பயத்தால் இல்லை. அந்த எண்கள் நேரே தலைமை அலுவலகத்துக்குப் போகும். இருட்டில் மின்சாரம் காட்டினால் கணக்கில் கை வைத்ததாக நினைப்பார்கள், அதுவும் விசாரணைக்கு முந்தைய நாள். சென்சார் பழுது என்று முனகிக்கொண்டே டார்ச்சை எடுத்தார். கையுறை மேசை மேலேயே கிடந்தது.

“சார், கையுறை.”

“பொழுது போயாச்சு. வெறும் கண்ணாடிக்கு எதுக்குக் கையுறை? நீ சொன்ன வேலைய முடி.”

6:53க்குக் கதவைத் திறந்துகொண்டு போனார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டார்ச் வெளிச்சம் அசைந்து அசைந்து போனது. அவர் ஓர் அடி வைக்க வைக்க, எண் ஏறியது.

3.

11.

26.

நடுப்பகல் வெயிலில் வருகிற எண்.

6:56. டார்ச் நின்றது. தண்ணீர் சத்தமும் நின்றது.

6:57. அலாரம். வரிசை பதினான்கு. கசிவு.

வாக்கி டாக்கியைப் பிடித்துக் கத்தினேன்.

“சார், தொடாதீங்க.”

கரகரவென்று ஒரு சத்தம். பிறகு அவர் குரல்.

“ஆபீஸ்ல மானம் போயிரும். அமுக்கித் தொலை.”

என் விரல் மவுஸ் மேல் இருந்தது.

எடுத்துவிட்டேன்.

“மாட்டேன்,” என்றேன்.

இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். பத்து விநாடியில் வரிசை நின்றுவிடும். அந்த ஆள் பிழைத்துக்கொள்வார். எண்ணினேன். ஏழு... எட்டு...

டக்.

மவுஸ் தானாக அமுங்கியது.

அலாரம் நின்றது.

மவுஸ் முழுக்க ஈரம்.

வெளியே... அலறல்.

6:59. அறுபது வரிசையும் பூஜ்யம்.

இருட்டு.

செக்யூரிட்டி அண்ணன் ஓடிப் போய்ப் பார்த்தார். இணைப்புப் பெட்டியில் கை வைத்தபடியே மேனேஜர் உறைந்து நின்றிருந்தாராம். காலடியில் ஒரே சேறு. அந்த ஒரு வரிசை மட்டும் கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்ததாம். ஹோஸ் சுருட்டியது சுருட்டியபடி கொட்டகையில் பூட்டிக் கிடந்தது.

நான் அழவில்லை. அழுதேன் என்று எழுதினால் அது பொய்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, அழிக்காத பதிவை விசாரணை அதிகாரி கையில் கொடுத்தேன். 9:07க்கு அமுக்கியது நான், அமுக்கச் சொன்னது அவர், எலி கடித்த வயரைக் காட்டியது பைப்பு அக்கா. மூன்றையும் என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பழைய அறிக்கையைக் குப்பையில் போட்டார்கள். என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பட்டும். 6:57க்கு அமுக்கியது யார் என்று மட்டும் அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டார். பதிவில் ஆள் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து, மேனேஜருக்குப் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கடைசியாகப் பார்த்தவள் நான்தான் என்பதால் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அவர் அன்னிக்குப் பகல் பூரா வெயில்லயா நின்னாரு?”

இல்லை, என் பக்கத்தில் ஏ.சி.யில்தான் இருந்தார் என்றேன்.

டாக்டர் தன் அறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு சொன்னார். கையில் இருந்தது ஷாக் அடித்த காயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நெற்றியும் பிடரியும் முன்கையும் வெயிலில் வெந்து தோல் உரிந்திருந்தன. வாட்சைக் கழற்றிப் பார்த்தால் அதன் அடியில் மட்டும் வெள்ளைத் தோல்.

“நிழலே இல்லாத இடத்துல, மாசக்கணக்கா வேலை செஞ்ச தோலும்மா அது.”

அவர் அன்று வெளியே இருந்தது ஆறே நிமிடம். இருட்டில்.