அம்மா கேட்ட படகுச் சவாரி

ஆற்றில் ரப்பர் படகு விடுகிறார்கள் என்ற செய்தியை அத்தா ஒரு வேடிக்கையாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உத்தமபாளையத்தில் அவருக்கும் பெரியத்தாவுக்கும் சேர்த்து ஒரு வாழைக்காய் மண்டி இருந்தது. மார்க்கையன்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் தார்கள் எங்கள் மண்டியில் லாரி ஏறி, குமுளி மலையைக் கடந்து கேரளத்துக்குப் போகும். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் டிரைவர்கள் மலைக்கு அந்தப் பக்கத்துச் சங்கதிகளை அத்தாவிடம் சொல்வார்கள். அத்தா அவற்றைக் கொஞ்சம் பெருக்கி, சாப்பிட உட்காரும்போது எங்களுக்குச் சொல்வார்.

"மணிமலை ஆத்துல, காத்தடிச்ச படகுல ஆள ஏத்தி, பாறைக்கு மேல கூடித் தள்ளி விடுறாகளாம். கூடவே கைடுன்னு ஒருத்தர் வருவாராம். விழுந்தா அவரே தூக்கிப் போட்டுக்கிருவாராம். இதுக்கு மெட்ராஸ்லருந்தெல்லாம் வாராகளாம்."

பெரியத்தா சிரித்தார். பெரியம்மா, "விழுகுறதுக்கா அம்புட்டுத் தூரம் போகணும்? நம்ம வீட்டுப் பின்வாசல்ல பாசி வழுக்குது, அதுல விழுந்தா ஆகாதாக்கும்?" என்றார். நானும் தம்பியும் புரையேறச் சிரித்தோம். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை.

"எங்கன ஏத்தி எங்கன எறக்குறாகளாம்?" என்று கேட்டாள்.

"கூட்டிக்கல்லுல ஏத்தி, முண்டக்கயம் தாண்டி எறக்கி விடுறாகளாம்."

அம்மா அத்தாவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். சட்டியை மூடினாள். பிறகு, யாரிடமென்று இல்லாமல், "நாமளும் ஒரு நாளைக்குப் போவமா?" என்றாள்.

எங்கள் வீட்டில் அம்மா எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பெருநாளைக்குச் சேலைக் கட்டு வந்தால் பெரியம்மா எடுத்தது போக மிஞ்சியதை எடுத்துக்கொள்வாள்; அதுதான் தனக்குப் பிடித்த நிறம் என்றும் சொல்வாள். அப்படிப்பட்டவள் திடீரென்று வாய்திறந்து ஒன்றைக் கேட்டதும், அதுவும் பாறைக்கு மேல் படகில் போக வேண்டும் என்று கேட்டதும், அத்தா கை சோற்றிலேயே நின்றுவிட்டது. மறுக்க ஒரு காரணம் தேடினார் என்று நினைக்கிறேன். அதற்குள் நான் குதிக்கத் தொடங்கிவிட்டேன். எனக்கு அப்போது பதினொரு வயது. நான் குதித்தால் அத்தாவிடம் காரியம் நடக்கும்.

முண்டக்கயம் அம்மா பிறந்த ஊர். எங்களைப் போலவே அங்கேயும் ராவுத்தர் வீடுகள் உண்டு. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். கல்யாணமாகி வந்த புதிதில் அம்மா தண்ணீரை 'வெள்ளம்' என்று சொல்லி, எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். நான் கண்ட நாளிலிருந்து அவள் 'தண்ணி' என்றுதான் சொல்லிவந்தாள். பேச்சை வைத்து அவளை வெளியூர்க்காரி என்று யாராலும் சொல்ல முடியாது.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது வருஷத்துக்கு ஒருமுறை, அம்மாவைப் பெற்ற நன்னாவும் நன்னியும் இருந்த வீட்டுக்குப் போவோம். ஓட்டு வீடு, முன்னால் ரப்பர் மரங்கள், ரோட்டிலிருந்து இறங்கிப் போகும் ஒரு செம்மண் பாதை. வீட்டுக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது என்பதைச் சத்தத்தால்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று பின்கதவை எப்போதும் தாழிட்டு வைத்திருப்பார்கள். நன்னி முதலில் இறந்துபோனார். பிறகு நன்னாவும் போனார். அடுத்த மழைக்காலத்துக்குள் மாமாக்கள் இரண்டு பேரும் வீட்டை விற்றுவிட்டு ஒருவர் எர்ணாகுளத்துக்கும் ஒருவர் துபாய்க்கும் போய்விட்டார்கள். விற்று முடித்த பிறகுதான் வந்து அம்மாவிடம் சொன்னார்கள். வரும்போது ஒரு பெட்டி ஹல்வா கொண்டுவந்தார்கள். எனக்கு அந்த ஹல்வாதான் நன்றாக நினைவிருக்கிறது. கறுப்பாக, தேங்காய் எண்ணெய் வாசனையோடு, பல்லில் ஒட்டும். அம்மா அன்றைக்குக் கோழி அறுத்து மாமாக்களுக்கு விருந்து வைத்தாள். அதன்பிறகு அந்தப் பக்கம் போக எங்களுக்கு ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று.

நோன்புப் பெருநாள் முடிந்து சில நாளில் காலாண்டு லீவு விட்டார்கள். தம்பி ரொம்பச் சின்னவன், படகில் ஏற்ற மாட்டார்கள் என்று சொல்லிவிட்டதால் அவனைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, அவன் அழுகை தெருமுனை வரைக்கும் துரத்த, விடியும்போதே வேனில் கிளம்பினோம். சேலை கட்டி ஏறக் கூடாதாம். அதனால் பெரியத்தா மகளின் சுடிதார் ஒன்றை அம்மா இரவல் வாங்கி, மேலே புர்கா போட்டிருந்தாள். சுடிதாரில் அம்மாவைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது.

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கியதுமே அத்தா தூங்கிப்போனார். குமுளி, வண்டிப்பெரியார், பீர்மேடு என்று ஊர்கள் கடந்தன. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முண்டக்கயத்துக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில் எனக்கு அந்தச் செம்மண் பாதை அடையாளம் தெரிந்தது.

"அம்மா, நன்னா வீட்டுக்கு இந்தப் பாதைதான?"

அம்மா என் பக்கம் திரும்பி, கலைந்திருந்த என் முடியை ஒதுக்கிவிட்டாள். பாதை இருந்த பக்கம் பார்க்கவே இல்லை. சரி, மறந்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டிக்கல்லில் ஆற்றங்கரையில் மஞ்சள் படகு ஒன்று காத்திருந்தது. அம்மா புர்காவைக் கழற்றி வேனிலேயே வைத்துவிட்டு, ஷாலைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கைடு அம்மா வயதுக்காரர். கழுத்தில் விசில், முழங்காலில் பழைய தழும்புகள். சபரிமலை சீசனில் பக்தர்களிடம் கற்ற தமிழில் பேசினார். லைஃப் ஜாக்கெட் மாட்டி, ஹெல்மெட் போட்டு, ஆளுக்கொரு துடுப்பைக் கையில் கொடுத்தார். "ஃபார்வேர்ட் சொன்னா முன்னால துழையணும். ஸ்டாப் சொன்னா நிறுத்தணும். ஹோல்ட் சொன்னா கயிறு பிடிச்சிட்டு உள்ளே இருந்துக்கணும். பயம் வேண்டா."

அத்தா தன் ஜாக்கெட்டின் பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்தார். "இது நம்மளத் தாங்குமா?" என்று கேட்டார். தாங்கும் என்றார் கைடு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். தராசில் வாழைத்தார் நிறுப்பவர் அல்லவா, தன் எடை அவருக்குத் தெரியும்.

படகில் நாங்கள் மூன்று பேர், பின்னால் கைடு, முன்னால் துடுப்போடு அவருடைய கூட்டாளி ஒருவர். முதல் பாறைச் சரிவு வரைக்கும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அங்கே தண்ணீர் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. படகு மூக்கைத் தூக்கியது, ஒரு நொடி அந்தரத்தில் நின்றது, பிறகு எங்களோடு கீழே விழுந்தது. முகத்தில் யாரோ வாளித் தண்ணீரை அடித்ததுபோல் இருந்தது. கைடு "ஃபார்வேர்ட்" என்று கத்த, அத்தா பின்பக்கமாகத் துடுப்பை வலித்தார். "ஸ்டாப்" என்றபோது அவர் ஃபார்வேர்டுக்கு வந்து சேர்ந்தார். படகு தட்டாமாலை சுற்றியது. அத்தா துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு "பிஸ்மில்லா, பிஸ்மில்லா" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். யாரென்று திரும்பிப் பார்த்தால் அம்மா. ஹெல்மெட்டுக்கு அடியில் கட்டியிருந்த ஷால் நனைந்து கன்னத்தில் ஒட்டியிருக்க, வாயைப் பொத்தாமல், பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் சிரிப்பு உள்ளங்கைக்குள் அடங்கும். இது வேறு சிரிப்பு.

அதன்பிறகு அம்மா கைடுடன் மலையாளத்தில் பேசத் தொடங்கினாள். முதலில் ஒவ்வொரு வார்த்தையாக, பிறகு மடை திறந்தாற்போல. இந்த வருஷம் வெள்ளம் எவ்வளவு ஏறியது, அந்தப் பாறைக்கு இன்னமும் அந்தப் பெயர்தானா, மேலே இருந்த மூங்கில் பாலம் என்ன ஆயிற்று, இப்படி. எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. அவள் குரல்கூட உயர்ந்து, வேகமாக, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலைப் போல இருந்தது. எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. "அம்மா" என்று கூப்பிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையைக் கொடுத்துவிட்டு, பேச்சைத் தொடர்ந்தாள்.

முண்டக்கயத்தை நெருங்கும்போது ஆறு அகன்று, சத்தம் அடங்கிப்போயிற்று. தண்ணீர் பச்சையாக, ஆழமாக, மெதுவாக நகர்ந்தது. "இவிட வேணும்னா எறங்கலாம். கயிறு விடாதீங்க. மேல தெரியாட்டியும் அடியில ஒழுக்கு உண்டு" என்றார் கைடு. ஒழுக்கு என்றால் இழுப்பு. நான் அத்தாவைப் பார்த்தேன். அத்தா கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

அம்மா எழுந்து, படகின் விளிம்பில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் தண்ணீருக்குள் வழுக்கி இறங்கினாள். கொஞ்ச நேரம் கயிற்றைப் பிடித்து மிதந்தாள். பிறகு கயிற்றை விட்டாள்.

கை நழுவிவிட்டது என்றுதான் நினைத்தேன். அலறிவிட்டேன். ஆனால் அம்மா கரையைப் பார்த்து நீந்திக்கொண்டிருந்தாள். அந்தப் பெருத்த ஜாக்கெட்டையும் மீறி, கைகளை நீட்டி நீட்டி, தண்ணீரைக் கலக்காமல், அவசரப்படாமல்.

அத்தா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். "ஏத்தா, ஒங்கம்மாவுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியலயேத்தா."

ஆற்றங்கரையில் பிறந்தவளிடம் அதைக் கேட்க அத்தனை வருஷமாக அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கரையில் கல்படிகள் ஆற்றுக்குள் இறங்கியிருந்தன. கீழ்ப்படிகள் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தன. மேலே ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மேலே, செடிகளுக்கிடையில், நீல வண்ணம் அடித்த ஒரு வீட்டின் பின்சுவர். அம்மா படியைத் தொட்டு, தண்ணீருக்குள்ளேயே ஒரு படியில் உட்கார்ந்தாள். இடுப்பளவு தண்ணீர். இரண்டு கைகளாலும் பக்கத்துக் கல்லைத் தடவினாள். பாசி இருக்கிறதா என்று பார்க்கிறாள் போல என்று எனக்குத் தோன்றியது.

கைடு விசிலை வாயில் வைத்தார். அத்தா எட்டி அவர் கையைப் பிடித்துவிட்டார். அத்தாவின் முகம் எப்படியோ ஆகியிருந்தது. "ஊதாதீக. கொஞ்சம் இருக்கட்டும்."

"சாரே, ஒழுக்கு உண்டு."

"இருக்கட்டும்யா."

கைடும் கூட்டாளியும் துடுப்பை எதிராக வலித்துப் படகை அங்கேயே நிறுத்தி வைத்தார்கள். துவைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, ஹெல்மெட்டும் ஜாக்கெட்டுமாகத் தன் படியில் வந்து உட்கார்ந்திருப்பவளைப் பார்த்துத் திகைத்தாள்.

"ஆரா?"

யார் என்று கேட்கிறாள். அது எனக்குப் புரிந்தது. அம்மா அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"ஆருமல்ல. சும்மா."

யாருமில்லை, சும்மா. அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கல்லிலிருந்து கையை எடுத்து, தண்ணீருக்குள் சாய்ந்து, எங்களிடம் திரும்பி வந்தாள். கைடு அவளுடைய ஜாக்கெட்டைப் பிடித்துத் தூக்கிப் படகுக்குள் போட்டார். மூச்சு வாங்கியது. கண் சிவந்திருந்தது. ஆற்றுத் தண்ணீர் பட்டால் எனக்கும் கண் சிவக்கும்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு சரிவுகள் இருந்தன. அம்மா துடுப்பை ஒழுங்காக வலித்தாள். சிரிக்கவில்லை. படகு கரை ஒதுங்கி, துணி மாற்றி, வேனில் ஏறியும் அத்தா பேசவில்லை. அந்நிய ஆண்கள் முன்னால் அம்மா ஆற்றில் நீந்திவிட்டாள், அதுதான் கோபம் என்று எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போனதும் சண்டை வரும், இனி எங்கேயும் கூட்டிப்போக மாட்டார் என்று நினைத்து அழுகை வந்தது.

அது நன்னா வீட்டுப் படித்துறை. பூட்டியே கிடந்த அந்தப் பின்கதவுக்கு வெளியில் இருந்தவை அந்தப் படிகளும் ஒரு பலா மரமும்தான். நான் கல்லூரியில் படிக்கும்போது, வேறெதையோ பேசிக்கொண்டிருந்த பெரியம்மா போகிற போக்கில் அதைச் சொன்னார். விற்ற வீட்டின் வாசலில் போய் நின்று கதவைத் தட்ட அம்மாவுக்கு முகமில்லை. ஆற்றுக்கு வாசல் இல்லை. அதில் யார் வேண்டுமானாலும் போகலாம்.

நான் இப்போது பெரியகுளத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். நினைத்தால் பஸ் ஏறிவிடுவேன். மத்தியானத்துக்குள் அம்மா கதவைத் திறந்து, "என்னத்தா, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிற?" என்பாள். அப்படி அவள் திறக்கும் ஒவ்வொரு முறையும், பல் தெரியச் சிரித்த அந்தப் படகுக்காரியை அவள் முகத்தில் தேடுகிறேன். ஒரு நாளும் அவள் அகப்பட்டதில்லை. படகு விட்டவர்களும் இரண்டு மழைக்காலத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

அன்றைக்குத் திரும்பும் வழியில் குட்டிக்கானத்தில் வேனை நிறுத்தினோம். மலையெல்லாம் மூடுபனி. அத்தா இறங்கிப் போய் மூன்று டீ வாங்கிவந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். அம்மாவிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் ஈரத் தலையில் போட்டார். பிறகு ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே, டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்தப் பலா மரத்த வெட்டிட்டாக போல."

அம்மா ஒரு வாய் டீ குடித்தாள். "வேரு மட்டும் கெடக்கு" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட்டிக்கல்லிலிருந்து கரையிரண்டிலும் மரங்களைத் தவிர நான் வேறெதைப் பார்த்தேன்? தென்னை, கமுகு, ரப்பர், எத்தனையோ பலா. வெட்டின மரம் எதையும் நான் பார்க்கவில்லை.

"எந்த மரம்த்தா?" என்று கேட்டேன்.

"டீயக் குடி ஆத்தா, ஆறிப்போகும்" என்றார் அத்தா.